வளைகுழாய்

மூன்று வாரமாக
வாஷ்பேசினில் தண்ணீர் நிற்கிறது.
காலையில் துப்பிய பற்பசை நுரை
மதியம் வரை மிதந்து,
சுற்றிலும் ஒரு சாம்பல் கோடு போட்டுவிட்டு
மனமில்லாமல் இறங்கும்.

முடிதான், என்றேன்.
இடுப்பு வரை வளர்த்து வைத்திருக்கிறாயே,
அதுதான் அடைக்கிறது.
தெக்லேவுக்குப் பதினைந்து வயது.
பதில் சொல்லாமல் கதவைச் சாத்தத் தெரிந்த வயது.

கொதிநீர் ஊற்றினேன்.
சோடா உப்பைக் கொட்டி வினிகர் விட்டேன்.
பொங்கியது, வாடை வந்தது, அவ்வளவுதான்.
துணி உலர்த்தும் கம்பியை நிமிர்த்திக் குத்தினேன்.
உள்ளே எதையோ தொட்டது. மெத்தென்று இருந்தது.
வெளியே எடுத்தால் நுனியில் ஒன்றுமில்லை.

ஜும்பெர் நாற்பது லரி கேட்டார்.
லிப்டுக்குப் போடும் காசு தனியாம்.
லிப்ட் நின்றிருந்தால்
க்ல்தானியில் எட்டு மாடி ஏறும் முழங்காலுக்கு
இன்னொரு கணக்காம்.
யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன்.

ஞாயிறு, வேலை முடிந்து வந்தால்
மேசைமேல் அடுக்களைக் கத்தரிக்கோல்.
அவள் கழுத்து தெரிகிறது.
"இப்போது போகிறதா பார்."
குழாயைத் திறந்து பார்த்தேன்.
போகவில்லை.

இன்றிரவு
பேசினுக்கு அடியில் பக்கெட்டை நகர்த்தி
முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்தேன்.
தெக்லே போன் வெளிச்சத்தைப் பிடித்தாள்,
என்மேல் படாமல், குழாய்மேல் மட்டும்.
பிளாஸ்டிக் மரை. எந்தப் பக்கம் திருக?
அண்ணாந்து கிடக்கும்போது இடமும் வலமும்
பிறழ்சாட்சிகள் மாதிரி மாற்றி மாற்றிப் பேசுகின்றன.
துணியைச் சுற்றி ஒரே முறுக்கு.
கழன்றது.
பாதி பக்கெட்டில், பாதி என் மடியில்.

முடி இருந்தது. இல்லை என்று சொல்லவில்லை.
ஆனால் அது வெறும் நார்.
அதைப் பிடித்து வைத்திருந்தது வேறு:
வெளிறிய, கெட்டியான,
விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து
அப்படியே நிற்கிற ஓர் உருண்டை.
முகர்ந்தேன்.
நாற்றத்துக்கு அடியில்
எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு புளிப்பு.

ஒன்பது வருடமாக
விடியலுக்கு முன் மாவு பிசைந்து
படகு போல இழுத்து
மண்ணடுப்பின் உட்சுவரில் அறைகிறவள் நான்.
பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில்
கடையில் கை கழுவுவதில்லை.
நகக்கண் மாவோடு வீடு வந்து
இந்தப் பேசினில்தான், வெந்நீரில்.
வெந்நீரில் மாவு என்ன ஆகும் என்று
என்னைவிட யாருக்குத் தெரியும்?

பழைய செய்தித்தாளில் சுருட்டி
சத்தமில்லாமல் குப்பையில் போட்டிருக்கலாம்.
சுருட்டக்கூடத் தொடங்கினேன்.
வெளிச்சம் கொஞ்சம் நகர்ந்து
உருண்டைமேல் நின்றது.

"ரொட்டி," என்றாள் தெக்லே.

"ரொட்டி," என்றேன்.

வேறெதுவும் பேசாமல்
வளைகுழாயைத் தேய்த்தேன், வாஷரைத் துடைத்தேன்,
பக்கெட்டைத் தூக்கி
அழுக்குத் தண்ணீரைப் பழக்க தோஷத்தில்
அதே பேசினில் ஊற்றினேன்.
கீழே குழாய் இல்லை.
நான்கு பாதங்களும் நனைந்தன.

கீழ்வீட்டுக் குலிகோ துடைப்பக் கட்டையால்
தன் வீட்டு மேற்கூரையை இடித்தாள்.
ஒரு இடி என்றால் பாட்டைக் குறை.
மூன்று இடி என்றால் தண்ணீர்.
மூன்று இடித்து, யோசித்து,
நான்காவதும் இடித்தாள்.
அதற்கு என்ன பொருளோ.

தெக்லே சிரித்துவிட்டாள்.
மறைத்துக்கொள்ள
முகத்தில் விழும் முடி இப்போது இல்லை.
முழுச் சிரிப்பும் தெரிந்தது.

மாட்டினோம். இறுக்கினோம். திறந்தோம்.
தண்ணீர் ஒரு சுற்று சுற்றி
தொண்டையைச் செருமிக்கொண்டு இறங்கியது.

பின்பக்கம் கோணலாக வெட்டியிருக்கிறாய், என்றேன்.
கத்தரிக்கோலைக் கொண்டு வா, சரி செய்கிறேன்.

"முதலில் கையைக் கழுவு,"
என்றாள்,
"பச்சைத் தண்ணீரில்."